டெம்பிள் ஜங்ஷன்

சித்தி மகளுக்கு அமெரிக்காவில் வேலை மாறியது. நர்ஸ் வேலைதான், ஊர் மட்டும் புதிது. டெக்சஸ் மாநிலத்து டெம்பிள். போனில் இதைச் சொன்ன சித்தி, மூச்சு விடாமல் அடுத்ததையும் கேட்டாள்: "டெம்பிள்னா கோயில்தானேப்பா? அங்க எந்தச் சாமி?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு சாயங்காலம் பார்க்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கப் பல வாரமானது. ஊர்ப்பெயரைப் பிடித்து இழுத்தால் ரயில் பாதை வந்தது. பாதையோடு ஒரு கொள்ளைக் காய்ச்சலும் வந்தது. அதன் பின்னாலேயே சிலுவைப்போர் வீரர்களும் ரோமாபுரியின் நிமித்தம் பார்ப்பவர்களும் வந்து நின்றார்கள். சித்தியிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டெம்பிள், ஆஸ்டினுக்கும் வேக்கோவுக்கும் இடையே பெல் கவுண்டியில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 82,000 சொச்சம். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. ஆனால் பேய்லர் ஸ்காட் அண்ட் வைட் குழுமத்தின் பெரிய ஆஸ்பத்திரி, முன்னாள் போர்வீரர்களுக்கான அரசு ஆஸ்பத்திரி, குழந்தைகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி என்று அந்த ஊர் தாங்குகிற வைத்தியம் அதன் அளவுக்கு மிகப் பெரிது. சுற்றுவட்டாரத்துக் கவுண்டிகளிலிருந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள். நோய் தீரத் தேடி வரும் ஊருக்குக் கோயில் என்று பெயர் இருப்பது பொருத்தமாகத்தானே இருக்கிறது? இந்தப் பொருத்தத்தில்தான் கால் வழுக்கும்.

ஊர்ப்பெயரை ஆராய்கிறவர் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊருக்கு இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்பது பெயர்க்காரணம். இந்தச் சொல் எங்கே பிறந்தது என்பது சொற்பிறப்பு. முன்னதற்கு ஆவணம் பதில் சொல்லும், பின்னதற்கு மொழி பதில் சொல்லும். ஒன்றின் பதிலை எடுத்து மற்றதில் ஒட்டினால் அழகான கதை கிடைக்கும், உண்மை கிடைக்காது. ஆகவே பெயர்க்காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

டெக்சஸின் கடலோரத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு துறைமுகம். உள்நாட்டுப் பருத்தி அங்கே வந்து கப்பலேறும். வழியில் ஹூஸ்டன். மஞ்சள் காய்ச்சல் காலங்களில் ஹூஸ்டன்காரர்கள் கால்வெஸ்டனிலிருந்து ஆளோ சரக்கோ வரக்கூடாது என்று தடை போடுவார்கள். குவாரண்டைன் என்பது வெனிஸ் நகரத்து வழக்கில் 'நாற்பது நாள்' என்ற பொருளில் பிறந்த சொல். கொரோனா காலத்தில் நம் தெருக்கள் வரை வந்து சேர்ந்ததே, அதே சொல்தான். காய்ச்சலைச் சாக்கிட்டு வியாபாரத்தை மடக்குகிறார்கள் என்று கால்வெஸ்டன் வணிகர்கள் கொதித்தார்கள். ஹூஸ்டனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு உள்நாட்டுக்குள் போக ஒரு பாதை வேண்டும் என்று 1873-இல் தாங்களே ஒரு ரயில் கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் கல்ஃப், கொலராடோ அண்ட் சாந்தா ஃபே. பின்னாளில் வைத்தியத்துக்குப் பேர்போன ஊரைப் பெற்றெடுத்த பாதை, ஒரு நோயைச் சுற்றிக்கொண்டு போகப் போட்ட பாதை என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

பாதை வடமேற்கே ஏறி பெல் கவுண்டிக்கு வந்தது. அங்கே பெல்டன் என்ற ஊர் ஏற்கெனவே தலைமையிடமாக இருந்தது. ஆனால் கம்பெனிக்குத் தன் சொந்த நிலத்தில் ஒரு ஜங்ஷன் வேண்டியிருந்தது. 1880-இல் ஜோனதன் மூர் என்பவரின் பண்ணையிலிருந்து ஏறக்குறைய 200 ஏக்கர் வாங்கியது. மனை மனையாகப் பிரித்தது. 1881 ஜூன் 29 அன்று சிறப்பு ரயில்களில் ஆட்களைக் கூட்டிவந்து, கறி சுட்டு விருந்து வைத்து, மனைகளை ஏலம் விட்டது. ஊர் முளைத்தது அன்றுதான். முதலில் வழங்கிய பெயர் டெம்பிள் ஜங்ஷன். கம்பெனியின் தலைமை எஞ்சினியர் பெர்னார்ட் மூர் டெம்பிள், அவருடைய பெயர். நிலக்காரர் பெயரிலும் எஞ்சினியர் பெயரிலும் மூர் இருப்பது படிப்பவரைக் குழப்பும். ஊருக்குப் போனது எஞ்சினியரின் கடைசிப் பெயர்.

இது அவருக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை. அந்தப் பாதையின் ஸ்டேஷன் பட்டியலை வரிசையாக வாசித்தால் கம்பெனியின் ஆள்வரிசையே வந்துவிடும். ரோசன்பர்க் என்பது தலைவராக இருந்த ஹென்றி ரோசன்பர்க். சீலி என்பது ஜார்ஜ் சீலி. மூடி என்பது டைரக்டர் வில்லியம் மூடி. கில்லீன் என்பது உதவிப் பொது மேலாளர் ஃபிராங்க் கில்லீன். கோல்ட்துவெய்ட்டும் ஒரு ரயில்வே அதிகாரிதான். நம் பக்கத்தில் ஊர் முதலில் இருக்கும், ரயில் பிறகு வரும், வந்த பிறகு ஊருக்கு ஒரு ஓரத்தில் ரயிலடி என்று ஒரு பகுதி உண்டாகும். அங்கே ரயிலடிதான் முதலில், ஊர் அதற்குப் பிறகு. குடியிருக்க ஒருத்தரும் வராத இடத்துக்குப் பெயர் வைப்பதென்றால், வைப்பவர் தனக்குத் தெரிந்த பெயரைத்தானே வைப்பார்.

ஜனங்கள் தங்கள் பங்குக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று சேற்றூர். இன்னொன்று 'கால்பின்னி' என்று சொல்லத்தக்க டேங்கிள்ஃபுட். டெம்பிள் இருப்பது டெக்சஸின் கரும்புல்வெளி. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் கரிசலும் அந்த மண்ணும் மண்ணியலில் ஒரே வகை. கோடையில் விரல் போகிற அளவு வெடிக்கும். மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொண்டு மண் உப்பும். அப்போது செருப்போடு பத்தடி நடந்தால் பதினோராவது அடியில் செருப்பு நின்றுவிடும், கால் மட்டும் வரும். நடக்க நடக்க உள்ளங்காலில் அப்பு அப்பாகச் சேர்ந்து ஆளையே ஒரு சாண் உயர்த்திவிடும். பருத்திக்கு அருமையான மண், தெருவுக்கு ஆகாத மண். தளம் போடாத தெருவும் வரிசையாகச் சாராயக் கடைகளுமாக இருந்த ஊரில் கால் பின்னுவதற்கு இரண்டு காரணம் இருந்திருக்கும், டேங்கிள்ஃபுட் என்பது மலிவான விஸ்கிக்கும் வழங்கிய பெயர். காரணப்பெயர் என்றால் இதுவல்லவா காரணப்பெயர்! ஆனால் நிலைத்தது டெம்பிள்தான். தபால் நிலையத்தின் பலகையிலும் ரயில் டிக்கெட்டிலும் அச்சான பெயரை வாயால் வைத்த பெயர் வென்றதில்லை.

நன்னூல் கற்றவருக்கு ஒரு கேள்வி எழும். டெம்பிள் என்ற ஊர்ப்பெயர் இடுகுறியா, காரணமா? ஊருக்கு அது இடுகுறிதான். அங்கே கோயில் இருந்து வைத்த பெயர் இல்லை. ஆனால் சொல்லின் பொருட்காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்பது தொல்காப்பியர் காலத்திலேயே சொல்லப்பட்ட எச்சரிக்கை. கொஞ்சம் தோண்டுவோம்.

டெம்பிள் என்ற குடும்பப் பெயர் இங்கிலாந்தில் பிறந்தது. 1119 வாக்கில் ஜெருசலேமில் ஒரு வீரத் துறவியர் சபை உண்டானது. சாலமோன் அரசரின் ஆலயம் இருந்ததாகச் சிலுவைப்போர்க்காரர்கள் நம்பிய இடத்தில் அவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. அதனால் அவர்கள் டெம்ப்ளர்கள், ஆலயத்து வீரர்கள். இங்கிலாந்திலும் அவர்களுக்கு ஏராளமான நிலம் சேர்ந்தது. டெம்பிள் நியூசம், டெம்பிள்கோம் போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அதைக் காட்டுகின்றன. அந்தப் பண்ணைகளில் இருந்தவர்கள், அருகில் குடியிருந்தவர்கள் டெம்பிள் ஆனார்கள். லண்டனில் டெம்ப்ளர்கள் கட்டிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் யாரோ விட்டுச் சென்ற குழந்தைகளை எடுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, டெம்பிள் என்றே பெயரிட்டு வளர்த்ததும் உண்டு. பெற்றவர் பெயர் தெரியாத பிள்ளைக்குக் கிடைத்த இடத்தின் பெயர். ஒரு குடும்பப் பெயருக்கு இதைவிட மனத்தைத் தொடும் பிறப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னும் கீழே போனால் லத்தீன். டெம்ப்ளும் என்பது முதலில் கட்டடத்தைக் குறித்த சொல்லே அல்ல. ரோமாபுரியில் பறவை பறக்கும் திசை பார்த்து நிமித்தம் சொல்பவர்கள் இருந்தார்கள். நுனி வளைந்த ஒரு கோலால் வானத்திலும் தரையிலும் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் தெரிவதை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். அப்படிப் பிரித்து ஒதுக்கிய வெளிதான் டெம்ப்ளும். கட்டடம் பிறகு வந்தது. கூர்ந்து நோக்குவதைக் குறிக்கும் கான்டெம்பிளேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இந்த டெம்ப்ளும் உட்கார்ந்திருக்கிறது.

டெம்ப்ளும் என்பதன் வேர் எது என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கம். 'வெட்டு' என்று பொருள்படும் வேர் என்பது ஒரு கட்சி. கிரேக்கத்தில் கோயில் வளாகத்துக்கு வழங்கும் டெமெனோஸ் அந்த வேரிலிருந்து வந்ததே, அதாவது வெட்டிப் பிரித்த நிலம். 'இழு, நீட்டு' என்று பொருள்படும் வேர் என்பது இன்னொரு கட்சி. அளவுநூலை இழுத்துப் பிடித்து எல்லை வகுப்பது அதில் தெரிகிறது. எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒரு ரயில்வே எஞ்சினியர் என்ன வேலை செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறார்கள். அமெரிக்க ரயில் அளவையில் சங்கிலி 100 அடி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தொய்வு போக இழுத்ததும் முளை அடித்து எண் எழுதுகிறார்கள். 100 அடிக்கு ஒன்றாக வரும் அந்த முளைக்கு அளவைக்காரர்கள் வைத்த பெயர் ஸ்டேஷன். வண்டி நிற்கும் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே புல்வெளியில் நூற்றுக்கணக்கான ஸ்டேஷன்கள் மரமுளைகளாக நின்றன. அதன் பிறகு மேட்டை வெட்டுகிறார்கள், பள்ளத்தை நிரப்புகிறார்கள். இழுத்தல், வெட்டுதல் இரண்டுமே அந்த வேலையில் உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனைக்கு இடம் வகுக்கும்போது மனைநூல் அறிந்தவர்கள் கயிறிட்டு அளக்கிறார்கள். அன்று அரண்மனையும் கோயில்தான், கோவின் இல்லம் அது. இன்றும் வீடு கட்ட வாஸ்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கொத்தனார் முதலில் நூல் பிடிக்கிறார்.

இனி ஆஸ்பத்திரி. ரயில் ஊர் ஆஸ்பத்திரி ஊரானதற்குக் காரணம் ரயில் வேலையே. அந்தக் காலத்தில் இரண்டு பெட்டிகளை இணைக்க ஒரு இரும்பு வளையமும் ஒரு ஆணியும்தான். பிரேக்மேன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நிற்பார். எஞ்சின் ஒரு பெட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து எதிர்ப் பெட்டியின் துவாரத்துக்குள் வழிகாட்டிவிட்டு, இரும்பும் இரும்பும் மோதுவதற்குள் கையை எடுத்து ஆணியைப் போட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் விரல் போகும், இரண்டு நொடி பிந்தினால் கை. விரல் குறைந்த கையைப் பார்த்தே இவர் பழைய ஆள் என்று கண்டுகொள்வார்களாம். தானாக இணையும் கொக்கியும் காற்றழுத்த பிரேக்கும் வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1893-இல்தான். ரயில் மருத்துவத்துக்குச் சொற்களையும் கொடுத்தது. விபத்தில் உடம்பில் காயம் தெரியாமலே நடுக்கமும் வலியுமாக அவதிப்பட்டவர்களைப் பற்றி 1866-இல் ஜான் எரிக் எரிக்சன் என்ற லண்டன் மருத்துவர் எழுதினார். அந்த நோய்க்கு 'ரயில் முதுகெலும்பு' என்றே பெயர் வழங்கியது.

ஆகவே ரயில் கம்பெனிகள் ஆஸ்பத்திரி கட்டின. தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடித்து நடத்துவது பல கம்பெனிகளில் வழக்கம். சாந்தா ஃபே தன் ஆஸ்பத்திரியை டெம்பிளில் 1891-இல் திறந்தது. மறு ஆண்டு அதற்குத் தலைமை அறுவை மருத்துவராக வந்தவர் ஆர்தர் ஸ்காட். 1897-இல் ராலே வைட் என்ற மருத்துவர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். இருவரும் 1904-இல் தொடங்கியது டெம்பிள் சானிடேரியம். நலத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. அதன் உடன்பிறப்பை நாம் தினமும் மின்சார ரயிலில் கேட்கிறோம், தாம்பரம் சானடோரியம். 1928-இல் சௌரி முத்து என்ற மருத்துவர் அங்கே தொடங்கிய காசநோய் இல்லம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. டெக்சஸில் ரயில்காரரின் பெயர் ஆஸ்பத்திரிக்குப் போனது, தாம்பரத்தில் ஆஸ்பத்திரியின் பெயர் ரயிலுக்கு வந்தது.

வைட் 1917-இல் காலமானார். 1922-இல் ஆஸ்பத்திரியின் பெயர் ஸ்காட் அண்ட் வைட் என்று மாறியது. எஞ்சினியரின் பெயர் உதிர்ந்து மருத்துவர்களின் பெயர் வந்தது. 1963-இல் அது ஊருக்குத் தெற்கே ஒரு குன்றின் மேல் குடியேறியது. 2013-இல் டாலஸின் பேய்லர் மருத்துவ அமைப்போடு இணைந்து இன்றைய நீண்ட பெயரைப் பெற்றது. இதற்கிடையே இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ராணுவம் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறந்தது. அதே ஆண்டு மார்ச்சில் பிலிப்பைன்ஸின் பட்டானில் உயிரிழந்த ராணுவ மருத்துவர் ஜேம்ஸ் மெக்லோஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கை கால் இழந்த வீரர்களைத் தேற்றி நடக்க வைப்பது அங்கே முக்கியமான பணி. பிரேக்மேன்களின் நசுங்கிய கைகளில் தொடங்கிய ஊருக்கு இந்தப் பணி வந்து சேர்ந்ததை நான் தற்செயல் என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். காயம் பார்த்துத் தேர்ந்த கைகள் அந்த ஊரில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருந்தன. போருக்குப் பின் அது முன்னாள் வீரர்களின் ஆஸ்பத்திரியானது. 1979 முதல் அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஓலின் டீக் பெயர்.

டெம்ப்ளர்களின் கதையில் ஒரு பாதியை மேலே சொல்லாமல் விட்டேன். 1312-இல் போப் அந்தச் சபையைக் கலைத்தார். அவர்களுடைய சொத்தை இன்னொரு சபைக்குக் கொடுத்தார். அந்தச் சபைக்கு ஹாஸ்பிட்டலர்கள் என்று பெயர். ஜெருசலேம் வரும் யாத்திரிகர்களுக்குத் தங்க இடமும் வைத்தியமும் கொடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த சபை அது. ஹோஸ்பெஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு விருந்தினர், விருந்து ஓம்புபவர் இரண்டு பொருளும் உண்டு. ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் மூன்றும் அதன் பிள்ளைகள். நம் 'விருந்து' புதுமையைக் குறித்து, புதிதாக வந்தவரைக் குறித்து, பிறகு அவருக்கு இடும் சோற்றைக் குறித்ததும் இந்த வழியிலேயே நடந்த நடை. ஆக, டெம்பிள் ஒருமுறை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது. லண்டன் டெம்பிளை அவர்கள் வக்கீல்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். காந்தி பாரிஸ்டரான இன்னர் டெம்பிள் அதன் ஒரு பகுதி. அவர் பாரிஸ்டரானது 1891, டெக்சஸ் டெம்பிளில் ரயில்வே ஆஸ்பத்திரி திறந்த அதே ஆண்டு. இவற்றில் எதுவும் டெக்சஸ் ஊரின் பெயர்க்காரணம் ஆகாது. ஒரு சொல் போகிற வழியில் தன் பழைய வீடுகளைக் கடந்து போவது போலத்தான் இது.

இவ்வளவையும் சித்தியிடம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப அது எஞ்சினியர் பேரு. ஆஸ்பத்திரிக்காவது சாமி பேரு உண்டா?"

"ரெண்டு டாக்டர் பேரு சித்தி" என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 1890களின் பிற்பகுதியில் அதே ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். கிங்ஸ் டாட்டர்ஸ் என்று அதற்குப் பெயர், அரசரின் புதல்வியர். 1886-இல் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் அமைப்பின் பெயர் அது. அரசர் என்று அவர்கள் சொன்னது கடவுளை.

"நாம கோன்னு சொல்ற மாதிரியா?" என்றாள் சித்தி.

"ஆமா. ராஜாவுக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான்."